பைக்குள் போட முடியாதவை

“அப்ப டிவிய என்ன செய்யிற மனே?” என்று அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டபோது, “அதப் பைக்குள்ள போடேலாதே சேர்” என்று சிரித்துவிட்டு, அடுத்தவருடைய போனைத் திறக்கத் தொடங்கிவிட்டேன். மட்டக்களப்பில் இத்தனை வருடம் பழுதுபார்க்கும் மேசையில் இருந்தவனுக்கு அதைவிட நல்ல பதில் தெரியாமல் இல்லை.

அவர் வந்தது, வானிலிருந்து வரக்கூடிய மின்காந்தத் தாக்கத்திலிருந்து தமது பற்றரி றேடியோவை ஒரு கவசப் பைக்குள் போட்டுக் காப்பாற்ற. 1978 நவம்பர் சூறாவளிக்குப் பின் வெளியுலகச் சேதியைத் தமக்குச் சொன்னது ஒரு றேடியோதான் என்பதால், அந்தப் பொருளின் மேல் அவருக்குத் தனிப் பற்று. 2024 மே மாதச் சூரியப் புயலுக்குப் பிறகு காணொளிகள் பார்க்கத் தொடங்கியவர், 1989இல் கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணிநேரம் இருளில் கிடந்ததையும், 1962இல் பசிபிக்கின் மேல் 400 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்கா வெடித்த அணுகுண்டால் 1,400 கிலோமீற்றருக்கும் அப்பால் ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்ததையும் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டும் வேறு வேறு சங்கதிகள். சூரியப் புயல் நீண்ட மின்கம்பித் தொடர்களைத்தான் பிடிக்கும். மேசையில் இருக்கும் றேடியோவை அது திரும்பியும் பாராது. வானில் வெடிக்கும் அணுகுண்டின் மின்காந்தத் துடிப்போ சில நனோ செக்கனில் எழுவது. கவசப் பையெல்லாம் அதற்குத்தான். இதை அவருக்கு விளக்கினேன். விளக்குவதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அவர் கையில் கொண்டுவந்தது கணினியின் மதர்போர்ட் சுற்றி வரும் மெல்லிய பை. மறுபக்கம் மங்கலாகத் தெரியும் அளவுக்குத்தான் அதில் உலோகப் பூச்சு உண்டு. கையிலிருந்து பாயும் நிலைமின்னுக்கு அது போதும். என் போனை அதற்குள் வைத்து அழைத்தேன், மணி அடித்தது. பிறகு அலுமினியத் தாள் ஒட்டிய தடித்த பையொன்றில் வைத்து, வாயை இரண்டு மடிப்பு மடித்துக் கிளிப் போட்டு மீண்டும் அழைத்தேன். சத்தமில்லை. சேரின் முகம் மலர்ந்தது. போன் பேசுவது 900, 1800 மெகாஹேட்ஸ் போன்ற அலைவரிசைகளில். துடிப்பின் பலமோ பெரும்பாலும் 100 மெகாஹேட்ஸுக்குக் கீழே. ஆகவே அந்தச் சோதனை எதையும் முழுதாக நிரூபிக்கவில்லை என்பதை அறிந்தும், விற்கிற நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. போன் அலையே நுழையும் பை ஒன்றுக்கும் உதவாது, ஆகவே பாதியாவது உண்மை என்று அப்போது என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், சில நாட்களில்.

ஐப்பசியில் ஒரு பின்னேர இடிமுழக்கத்துக்கு மறுநாள் அவருடைய டிவி கடைக்கு வந்தது. மூடியைக் கழற்றினால், பியூஸின் கண்ணாடி உள்ளே கரிபடிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நின்ற நீல வேரிஸ்டர், மின்னழுத்தம் திடீரென எகிறினால் தாங்கிக்கொள்ளும் பாகம், இரண்டாகப் பிளந்திருந்தது. ரவுட்டரின் அடப்டரும் போய்விட்டது. மின்னல் கம்பி வழியாக வீட்டுக்குள் வந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றியிருந்தால் இரண்டும் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

“றேடியோவுக்கு ஒண்டுமில்ல. பை காப்பாத்திப் போட்டுது மனே” என்றார்.

கம்பியே இல்லாத பற்றரி றேடியோ அலுமாரியின் மேல் வெறுமனே இருந்திருந்தாலும் தப்பியிருக்கும். அதைச் சொல்ல வாய் வந்தது. சொன்னால், அன்று டிவியைப் பற்றிக் கேட்ட கேள்வியை அவர் திரும்பவும் கேட்பார் என்று தோன்றியதால், “ஓம் சேர்” என்றேன். அவர் கேட்டது துடிப்பைப் பற்றித்தான், மின்னலைப் பற்றியல்ல என்று வாதாடலாம். நானும் பல இரவுகள் வாதாடிப் பார்த்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டது டிவியைப் பற்றி. வானில் அணுகுண்டு வெடிக்கும் நாள் இங்கு வருமோ தெரியாது, இடி வருடந்தோறும் வரும். அவரை அணுகுண்டுக்கு ஆயத்தப்படுத்தி அனுப்பிவைத்தவன் நான்.

டிவி போர்ட்டைத் திருத்திய கூலியை நான் வாங்கவில்லை. ஏன் என்று அவர் கேட்டார். “சின்ன வேலைதானே” என்றேன். அது இன்னொரு பொய். போகும்போது மகளுக்கென்று இரண்டு தடித்த பைகளுக்குக் காசு கட்டிவிட்டுப் போனார். பைகள் என் மேசை லாச்சிக்குள் இருக்கின்றன. வருகிற கிழமை எடுக்க வருவார்.