பங்களித்தோர் பட்டியல் தயாரித்த அனுபவம்

ஒரு கட்டற்ற மென்பொருளின் தமிழ்ப் பயனர் கையேட்டை வெளியிடும் முன், பங்களித்தோர் பட்டியலைத் தொகுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எல்லோரும் சம்பளமில்லாமல் உழைத்தவர்கள். கையேட்டின் உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0. ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உரிமம் கேட்காவிட்டாலும் செய்தே ஆக வேண்டிய வேலை இது.

கோப்புகளில் யார் எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் மென்பொருள் கிட். முதலில் அதில், எழுதியவர்களின் பெயர்களைத் தொகுத்துக் காட்டும் ஷார்ட்லாக் கட்டளையை ஓட்டினேன். வீட்டு மின்னஞ்சலிலும் அலுவலக மின்னஞ்சலிலும் எழுதியவர்கள் இரண்டிரண்டு ஆட்களாகத் தெரிந்தார்கள். மெயில்மேப் கோப்பில் முகவரிகளை இணைத்ததும் அது சரியாகிவிட்டது. மொழிபெயர்ப்புக் கோப்புகள்தாம் பாடாய்ப் படுத்தின. பிஓ எனப்படும் அந்தக் கோப்பின் தலைப்பில் கடைசி மொழிபெயர்ப்பாளருக்கு மட்டுமே இடம் உண்டு. அத்தியாயம் முழுவதையும் பெயர்த்தவருக்குப் பின்னால் ஒருவர் வந்து ஒரு காற்புள்ளியைத் திருத்திச் சேமித்தாலும், அங்கே அவர் பெயர் ஏறிவிடும். பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துதான் முந்தையவர்களை மீட்டேன்.

கிட்டில் கணக்கே இல்லாதவர்களை எந்தக் கட்டளையும் காட்டாது. மேற்கு மாம்பலத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் அச்சுப்படிகளில் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். ஒற்றுப்பிழை மட்டுமல்ல, "இந்தப் படி எனக்குப் புரியவில்லை" என்று ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் இருந்தன. கையேடு படிக்கும்படி இருப்பதற்கு அந்தக் குறிப்புகளே காரணம். அவற்றைத் தட்டச்சு செய்து ஏற்றியவரின் பெயர்தான் பதிவில் இருந்தது. ஆசிரியையின் பெயரைச் சேர்க்க அனுமதி கேட்டு அவரிடம் தொலைபேசியில் பேசினேன்.

"போடுங்கள் தம்பி. கணினித் திரையின் படங்களை எல்லாம் எடுத்துக் கொடுத்தாளே என் அண்ணன் மகள், அவள் பெயர் இருக்கிறதா?"

இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றி எங்கள் குழுவில் யாருக்குமே தெரியாது. அதன்பின் பேசிய ஒவ்வொருவரிடமும் "உங்களுக்கு உதவியவர் யார்?" என்று கேட்டேன், பட்டியல் நீண்டது. ஒருவர் புனைபெயர் போதும் என்றார், ஒருவர் வேண்டாம் என்றார். இருவர் விருப்பப்படியும் செய்தோம்.

யார் அதிகம் செய்தார் என்று அளக்காமல் அகரவரிசையில் அடுக்கினோம். கணினியோ எழுத்துகளுக்கு யூனிகோடு தந்திருக்கும் எண்வரிசைப்படி கனகாவைக் கமலாவுக்கு முன்னால் வைத்தது. நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி. தமிழுக்கான வரிசை விதியைத் தேர்ந்தெடுத்ததும் கமலா முன்னால் வந்தார். எழுத்து, மொழிபெயர்ப்பு, மெய்ப்பு, படங்கள் என்று ஒவ்வொரு பெயரோடும் பணியையும் குறித்தோம்.

அடுத்த பதிப்புக்கு இந்தத் தேடல் வேண்டாம் என்று ஒரு விதி வகுத்திருக்கிறோம். அடுத்தவர் திருத்தத்தை ஏற்றுபவர், மாற்றத்தோடு பதியும் குறிப்பான கமிட் செய்தியின் அடியில், கோ-ஆதர்ட்-பை (இணைந்து எழுதியவர்) என்ற வரியில் திருத்தியவர் பெயரையும் சேர்க்க வேண்டும். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்காகப் பங்களித்தோர் கோப்பு தனியாக இருக்கிறது. திருத்தம் ஏறும் அன்றே அதில் பெயரும் ஏற வேண்டும்.