கூட வாக்கு எடுத்தவர் தோற்ற கதை

"கூட வாக்கு எடுத்த ஆள் எப்படித் தம்பி தோற்கும்?" நேற்று முள்ளியவளையில் அம்மம்மா கேட்டார். 2016 அமெரிக்க சனாதிபதித் தேர்தலில் ஹிலாரி கிளின்டன், டிரம்பைவிட 28 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குக் கூட எடுத்தும் தோற்றார், ஏனென்றால் அங்கே சனாதிபதியைத் தெரிவுசெய்வது மாநிலங்களின் சார்பில் வாக்களிக்கும் 538 தேர்வாளர்கள், வெல்ல 270 பேர் வேண்டும், 48 மாநிலங்களில் ஒரு வாக்கால் முந்தினாலே அந்த மாநிலத்தின் தேர்வாளர் முழுப்பேரும் அவருக்குத்தான். பிரசாரமும் பென்சில்வேனியா மாதிரி இழுபறி மாநிலங்களைத்தான் சுற்றும்.

சரி, எனக்கு அதைவிட உறுத்துவது வாக்காளர் பதிவு. இங்கே இலங்கையில் கிராம அலுவலர் படிவத்தோடு வீட்டுக்கு வருவார். டெக்சாஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே நாமே பதிந்திருக்க வேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் இடாப்பில் பெயரில்லாமல் அம்மம்மா வாக்குச்சாவடி வாசலில் இருந்து திரும்பி வந்தவர், அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.