அடுக்கு மாறும் நொடி

மதுரையில் இருந்துகொண்டு காந்த மென்படல ஆராய்ச்சி செய்தேன் என்று சொன்னால், கோடிக்கணக்கில் விலையுள்ள வெற்றிடக் கருவி இருந்திருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். எங்களிடம் இருந்தது ஒரு கண்ணாடிப் பீக்கரும், மின்னழுத்தத்தைச் சொன்ன அளவில் பிடித்து வைக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் என்ற கருவியும். பீக்கரில் கோபால்ட் சல்ஃபேட், கொஞ்சமே கொஞ்சம் காப்பர் சல்ஃபேட், போரிக் அமிலம். கோபால்ட்டும் செம்பும் மாறி மாறி வரும் மெல்லிய அடுக்குகளை முலாம் பூசியே வளர்த்தோம். இயற்பியல்காரர்களில் சிலருக்கு இந்த வழி மேல் இளக்காரம் உண்டு. எனக்கோ, படலம் எங்கே கெடுகிறது என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் வழி வேறு இல்லை என்று தோன்றுகிறது.

ஒரே கரைசலிலிருந்து இரண்டு உலோகம் எப்படி அடுக்கடுக்காக வரும்? செம்பு குறைந்த மின்னழுத்தத்திலேயே படிந்துவிடும். கோபால்ட்டுக்கு அதிகம் வேண்டும். அழுத்தத்தை ஏற்றினால் கோபால்ட் அடுக்கு, இறக்கினால் செம்பு அடுக்கு. ஏற்றிய நேரத்திலும் செம்பு கொஞ்சம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அதனால்தான் கரைசலில் அதை அவ்வளவு குறைவாக வைக்கிறோம். தடிமனை மின்னூட்டத்தை வைத்துக் கணக்கிடலாம்: ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 நானோமீட்டர் செம்பு படிய ஏறக்குறைய 2.7 மில்லிகூலும்.

சிக்கல் அழுத்தத்தை மாற்றும் நொடியில் இருக்கிறது. சற்றுமுன் படிந்த கோபால்ட், செம்பு அயனிகள் உள்ள கரைசலில் நிற்கிறது. அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கினால் கோபால்ட் கரைந்து, அந்த இடத்தில் செம்பு உட்காரும். ஒன்று போக ஒன்று வருவதால் மின்னோட்டம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கருவி கூட்டிக் காட்டும் மொத்த மின்னூட்டக் கணக்கில் இது தெரியவே தெரியாது. கோபால்ட் அடுக்கு நாம் நினைத்ததைவிட மெலிந்தும் செம்பு அடுக்கு தடித்தும் போயிருக்கும். அழுத்தத்தை அளக்க ஒப்பீடாக வைக்கும் கேலோமெல் மின்முனையை ஒப்பிட்டு மைனஸ் 0.6 வோல்ட் பக்கத்தில் செம்பைப் படியவைத்தால் இது பெருமளவு அடங்கும். ஆனாலும் அழுத்தத்தை மாற்றிய உடனே வரும் மின்னோட்டக் கோட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எதிர்த்திசையில் அது கூடுதல் நேரம் தங்கினாலே விஷயம் புரிந்துவிடும்.

மின்வெட்டுக் காலத்தில் இதுதான் பெரிய துன்பம். மின்சாரம் போனால் படலம் கரைசலுக்குள் கேட்பாரற்று நிற்கும், மேல் அடுக்கு கோபால்ட்டாக இருந்தால் கரையத் தொடங்கும். யூபிஎஸ் வைக்காமல் யாரும் சாம்பிள் போடக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தின் முதல் விதி.

ஒரு நானோமீட்டருக்கு ஏன் இத்தனை பாடு? 1988இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவும் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க் குழுவும் இரும்பு–குரோமியம் அடுக்குகளில் ராட்சத காந்தமின்தடையைக் கண்டார்கள். நடுவில் உள்ள காந்தமற்ற உலோகம் சரியான தடிமனில் இருந்தால், பக்கத்து அடுக்குகளின் காந்தத் திசைகள் எதிரெதிராக நிற்கும். காந்தப்புலத்தைக் கொடுத்து ஒரே திசைக்குத் திருப்பினால் மின்தடை சடாரென இறங்கும். பத்து வருடத்துக்குள் அது ஹார்ட் டிஸ்க்கின் படிக்கும் முனையில் வந்து உட்கார்ந்தது, 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு. கோபால்ட்–செம்பு அடுக்கில் அந்தச் சரியான தடிமன் சுமார் 1 நானோமீட்டர், அடுத்தது சுமார் 2. வெற்றிடத்தில் வளர்த்தவற்றில், செம்பின் தடிமனுக்கு ஏற்ப இந்த விளைவு ஏறி இறங்குவது அழகாகத் தெரியும். முலாம் படலத்தில், செம்பு அடுக்கில் ஊசித்துளைகள் இருந்தாலே போதும், மேலும் கீழும் உள்ள கோபால்ட் தொட்டுக்கொண்டு எல்லாம் கலங்கிவிடும்.

துளைகள் பெரும்பாலும் அடித்தளத்திலிருந்தே, அதாவது படலம் வளரும் செம்புத் தகட்டிலிருந்தே தொடங்கும். இதை எனக்குப் புரியவைத்தவர் தெற்காவணி மூலவீதிப் பக்கம் முலாம் வேலை செய்யும் ஒரு அண்ணன். “தம்பி, முலாம் தானா ஏறும். அழுக்கெடுக்கிறதுதான் வேலை” என்றார். கழுவிய தகட்டைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். தண்ணீர் ஒரே விரிப்பாக வழிந்தால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு செம்புத் தகட்டுக்கும் அந்தச் சோதனைதான். (அந்தத் தகட்டின் மேலேயே மின்தடையை அளக்க முடியாது, மின்னோட்டம் முழுக்கத் தடித்த தகட்டுக்குள் ஓடிவிடும். காந்த அளவீட்டுக்கு அது போதும்.) எங்கள் போர் தண்ணீர் உப்பு, இருமுறை வடித்த நீர் தவிர வேறு எதையும் பீக்கர் பக்கம் விடுவதில்லை. அப்புறம் சித்திரை, வைகாசி வெயில். கரைசல் சூடானால் செம்பு அயனிகள் வேகமாக வந்து சேரும், கோபால்ட் அடுக்கில் செம்பின் பங்கு கூடும். மார்கழியில் போட்ட சாம்பிளோடு அதை ஒப்பிடவே கூடாது. பீக்கரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து வெப்பநிலையைப் பிடித்து நிறுத்திய பிறகுதான் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின.

காந்த அளவீட்டுக்கு, சாம்பிளை அதிரவைத்து அதன் காந்தத்தை அளக்கும் அதிர்வு மாதிரிக் காந்தமானி உள்ள வேறு ஆய்வகத்துக்கு சாம்பிள் போகும். படலத்தின் தளத்திலேயே புலம் கொடுத்தால் நல்ல சாம்பிள் சிறிய புலத்திலேயே நிறைவடையும், அதாவது அதன் காந்தம் முழுக்க ஒரே திசைக்குத் திரும்பிவிடும். செங்குத்தாகக் கொடுத்தால் மிகப் பெரிய புலம் வேண்டும், மெல்லிய வடிவமே காந்தத்தைத் தளத்துக்குள் இழுத்துப் பிடிப்பதால். கெட்ட சாம்பிளில், தளத்தில் அளந்தாலும் கோடு நிறைவடையாமல் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். கோபால்ட் முழு அடுக்காக இல்லாமல் தீவுத் தீவாகச் சிதறி, ஒவ்வொரு தீவும் அறை வெப்பத்தில் தன் திசையை நிலைநிறுத்த முடியாமல் ஆடுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட கோடு வந்தால் அந்த சாம்பிளின் மின்னோட்டக் கோட்டை எடுத்துப் பக்கத்தில் வைப்பேன். பல தடவை அங்கே, அழுத்தம் மாறிய நொடியில், எதிர்த்திசை வால் நீண்டு கிடக்கும்.

அதனால் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதலில் காந்த அளவீடு கிடையாது. தகடு கழுவ வேண்டும், மின்னோட்டக் கோடு வரைய வேண்டும், அந்த வால் எதனால் வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டும்.