கட்டம் போட்ட மணிப்பூக்கள்

மணிபோலத் தொங்கும் பூக்களைக் கொண்ட ஃப்ரிட்டில்லாரியா என்ற செடியின் கிழங்குகள் செப்டம்பரில் தபாலில் வந்ததும், அன்றைக்கே நட்டுவிடுகிறேன். வெங்காயத்துக்கு உள்ளதுபோன்ற காய்ந்த மேல்தோல் இவற்றுக்குக் கிடையாது என்பதால், வெளியில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் ஈரம் வற்றிச் சுருங்கிக்கொண்டே போகும். இது தெரியாத முதல் வருடம், கடையில் வெகுநாள் கிடந்த 20 கிழங்குகளை வாங்கி நட்டதில் ஆறுதான் முளைத்தன.

அந்த ஆறும் மெலியாகிரிஸ் இனம். ஏப்ரலில், ஒரு சாணுக்குச் சற்று மேல் உயர்ந்த தண்டின் நுனியில் தலைகவிழ்ந்து தொங்கும் பூவின் இதழ்களில், கண்டாங்கிச் சேலையில் நெய்ததுபோல ஊதாக் கட்டங்கள் நிறைந்திருக்கும். தாயக்கட்டையைக் குலுக்கிப் போடும் குவளைக்கு லத்தீனில் ஃப்ரிட்டில்லஸ் என்று பெயர்; அதிலிருந்தே ஃப்ரிட்டில்லாரியா என்ற பெயர் வந்தது. மெலியாகிரிஸ் என்பது உடலெங்கும் புள்ளி கொண்ட கினிக்கோழியைக் குறிக்கும்.

வசந்தத்தில் பூப்பவை என்றாலும், இவை நிலைப்பதும் அழிவதும் கோடையைப் பொறுத்தே என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டேன். மெலியாகிரிஸ், இங்கிலாந்தின் கிரிக்லேடில் தேம்ஸ் ஆற்று வெள்ளம் ஏறி இறங்கும் புல்வெளியில் தானாக வளர்வது. அங்கே விதை உதிர்ந்த பிறகே புல்லை அறுக்கிறார்கள். தென் இங்கிலாந்தில் இருக்கும் என் தோட்டத்தின் களிமண்ணும் ஈரம் காப்பது என்பதால், நானும் ஜூலை வரை அந்தப் பகுதிப் புல்லைத் தொடுவதில்லை. துருக்கியின் வடகிழக்கு மலைகளைச் சேர்ந்த, மஞ்சள் விளிம்பிட்ட அரக்குநிற மிகைலோவ்ஸ்கியி இனத்துக்கோ கோடையில் நீரே ஆகாது; அதைத் தொட்டியில் வைத்து, இலை வாடியதும் மழை படாத தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுகிறேன்.

இம்பீரியாலிஸ் இனத்தின் கிழங்கு கைப்பிடி அளவு பெரியது. பழைய தண்டு இருந்த இடத்தில் குழி விழுந்திருக்கும் என்பதால், அதில் நீர் தேங்காதிருக்கச் சற்றுச் சாய்த்து நடுகிறேன். நரியின் நெடி அடிப்பதாக விருந்தினர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் குனிந்து பூவின் உட்புறத்தை அண்ணாந்து பார்த்தால், ஆறு இதழ்களின் அடியிலும் ஆறு தேன்துளிகள் கண்ணீர்போலத் திரண்டு, விழாமல் நிற்கும். அதற்காகவே எத்தனை நெடியையும் பொறுத்துக்கொள்வேன்.

இலையைத் தின்னும் சிவப்பு லில்லி வண்டுகள்தான் பெரும் தொல்லை. தொட்டவுடன் மல்லாந்து விழுந்துவிடும். அடிவயிறு கறுப்பானதால் மண்ணில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே ஏப்ரல் காலைகளில் ஒரு கையைக் கீழே ஏந்தி, மறு கையால் தட்டிப் பிடிக்கிறேன். விதையிலிருந்து வந்த கன்றுகள் முதல் வருடம் புல்போல ஒற்றை இலைதான் விடும். பூக்க நாலைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்த ஓர் இலையை வண்டுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை.