கழலாத வளையல்

மே 4
பென்னாகரம், அம்மா வீடு. தங்கைக்கு 35வது வாரம். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் மணிக்கட்டில் பதிந்து கிடக்கிறது, சோப்பு போட்டும் கழலவில்லை. "மாசமா இருந்தா நீர் வைக்காதா?" என்கிறாள் அம்மா. கால் என்றால் சரி. முகமும் அல்லவா அதைத்திருக்கிறது?

மே 5
காலையிலிருந்து தலைவலி. வெயில் என்று தைலம் தேய்த்துப் படுத்தாள். சாயந்திரம் நெஞ்சுக்குழியில் வலி. வாயு என்று அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். அப்புறம், "அக்கா, கண்ணு முன்னாடி மினுக்கு மினுக்குன்னு பூச்சி பறக்குது" என்றாள். உடனே 108க்குப் போன் போட்டேன்.

போன வாரம் செக்கப் போன இடத்தில் (எந்த இடம் என்பது வேண்டாம்) கூட்டம் என்று எடை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்கள். அட்டையில் பிரஷர் கட்டமும் சிறுநீர்க் கட்டமும் காலி. கேட்காமல் வந்தது எங்கள் தப்பும்தான்.

மே 5, இரவு
வண்டியிலேயே பார்த்தார்கள்: 170/114. கர்ப்பிணிக்கு 140/90 வந்தாலே அதிகம், 160/110 என்றால் அவசரம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரில் நனைத்த பட்டை மஞ்சளிலிருந்து பச்சையானது. சிறுநீரில் புரதம் கசிகிறது என்று அர்த்தம். கர்ப்பத்தில் பிரஷர் ஏறும் நோய், ப்ரீ-எக்ளாம்சியா என்றார்கள். ஜன்னி (வலிப்பு) வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் எரியுது என்றாள். நர்ஸ் அவ்வப்போது வந்து சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் மருந்து உடம்பில் கூடிவிட்டது என்று அர்த்தமாம். ஒவ்வொரு தட்டுக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலையே பார்த்தேன்.

மே 6
மருந்து பிரஷரை இறக்கும், ஆனால் நோய் தீர நஞ்சுக்கொடி வெளியே வந்தாக வேண்டும், 34 வாரம் தாண்டிவிட்டதால் காத்திருக்க வேண்டாம் என்றார் டாக்டர். துணி வைத்து வளையலை உடைத்தார்கள். ஆபரேஷன். பெண் குழந்தை, 1 கிலோ 900.

அம்மா மாங்காய் ஊறுகாயைத் திட்டிக்கொண்டே இருந்தாள். உப்பால் வந்ததில்லை, நஞ்சுக்கொடி சரியாக ஊன்றாததில் தொடங்குவது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அம்மா நம்பின மாதிரி தெரியவில்லை.

மே 12
"புள்ளதான் பொறந்தாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்கிறார் பெரியம்மா. பிரசவத்துக்குப் பிறகும் ஜன்னி வரலாம், ஆறு வாரம் வரை கவனிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து பிரஷர் மறுபடி ஏறுவது வழக்கமாம். இவளுக்கும் நான்காம் நாள் 156/100.

இன்று காலை 138/88. தலைவலி இல்லை, பூச்சியும் பறக்கவில்லை. சாயந்திரம் மறுபடி பார்க்க வேண்டும்.