சடையைத் தூக்கிக் கட்டிட்டு வா

என் கையில் இருந்த டிரில்லிங் மிஷினை அந்த அம்மா வெடுக்கென்று பிடித்து நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரர், எழுபது வயது இருக்கும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான வேலியில் பலகை ஒன்று கழன்றுவிட்டது. இருவரும் சேர்ந்து மாட்டிக்கொண்டிருந்தோம். நான் குனிந்து ஸ்குரூ முடுக்கப் போன நேரத்தில் சடை தோளிலிருந்து முன்னால் சரிந்திருக்கிறது. "முதலில் முடியைக் கட்டு. அப்புறம் இதைத் தொடு" என்றார். கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. மெல்போர்னுக்கு வந்து நாலு வருசம் ஆகிறது, இங்கே யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. உள்ளே போய்க் கொண்டை போட்டுக்கொண்டு வந்தேன். பலகையை மாட்டி முடிக்கிற வரைக்கும் வாய் திறக்கவில்லை.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அதே வார்த்தையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கோயமுத்தூர் கணபதியில் அப்பாவின் லேத் பட்டறை. பள்ளிக்கூடம் விட்டு இரட்டைச் சடையோடு வாசலில் போய் நின்றால், லேத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொல்வார்: "சடையத் தூக்கிக் கட்டிட்டு வா கண்ணு." வீட்டுக்குப் போனால் விளையாட்டு ஞாபகம் வந்துவிடும், திரும்பிப் போக மாட்டேன். பெண் பிள்ளை பட்டறைக்குள் வரக் கூடாது என்று விரட்டுகிறார் என்றே இத்தனை வருசமும் நினைத்துக்கொண்டிருந்தேன். லேத்தில் இரும்பைக் கவ்விக்கொண்டு சுற்றுகிற சக்கில் முடி மாட்டினால் மண்டைத் தோலையே உரித்துக்கொண்டு போய்விடும். அதை ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வார்?

ஊரில் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் ஆசாரியைக் கூப்பிடுவோம். "நாளைக்கு வர்றனுங்க" என்பவர் அடுத்த வாரம் வருவார். காப்பி குடிப்பார், வீட்டில் எல்லோரையும் விசாரிப்பார், அப்புறம் ஆணி அடிப்பார். இங்கே ஆள் வந்து வாசலில் நின்றாலே காசு. அதனால் திரைச்சீலைக் கம்பி, சாமி அலமாரி, மகளின் ஊஞ்சல் எல்லாம் என் கையால் மாட்டியதுதான். 18 வோல்ட் டிரில் முதலில் வந்தது. அதே பேட்டரியில் ஓடுகிறதே என்று அடுத்து ஒரு கிரைண்டர். "கிரைண்டர் வாங்கியிருக்கேன்மா" என்று போனில் சொன்னதும் அம்மா கேட்டார்: "எத்தன லிட்டரு?" புவிசார் குறியீடே வாங்கிய கோயமுத்தூர் வெட் கிரைண்டரைத் தவிர வேறு கிரைண்டர் அம்மாவுக்கு எதற்கு? ஊர்ப் பட்டறையில் இதற்கு ஏஜி ஃபோர் என்று பேர், இரும்பு அறுக்கிற மிஷின்.

ஒயர் இல்லாத இந்த மிஷின்களைப் பற்றி நம் ஆட்களிடம் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. நம்மை வளர்த்தவர்கள் கரண்டுக்குப் பயப்படச் சொல்லி வளர்த்தார்கள். 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு மில்லும் பட்டறையுமாகப் பெருத்த ஊர் எங்களுடையது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே, செருப்பில்லாமல் மோட்டார் ரூமுக்குள் போகாதே, பிளக்கைப் பிடுங்காமல் மிஷினில் கை வைக்காதே. தோட்டத்து மோட்டாரில் ஷாக் அடித்துச் செத்தவர்களைத் தெரியாத குடும்பம் கொங்கு நாட்டில் குறைவு. அது நியாயமான பயம். ஒயர் போனதும் அந்தப் பயம் போய்விட்டது, கூடவே மற்ற பயங்களும் போய்விட்டன. ஷாக் அடிக்காதென்றால் பயமில்லை என்று கை நினைத்துக்கொள்கிறது. ஒயர் மிஷினைப் பிளக்கைப் பிடுங்கித் தூங்க வைக்கலாம். பேட்டரி உள்ளே இருக்கிற மிஷின் மேசையில் சும்மா கிடந்தாலும் விழித்தே இருக்கும், விசை மேல் விரலோ பையில் கிடக்கிற ஸ்பேனரோ பட்டால் போதும். பிட் மாற்றவும் வட்டு மாற்றவும் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கீழே வைக்கும்போது, முன்னே பின்னே சுற்ற வைக்கிற அந்தச் சின்னத் தள்ளுவிசையை நடுவில் நிறுத்தினால் பூட்டிக்கொள்ளும். வேலி மாட்டிய மறுநாள் அந்த அம்மாதான் இதையெல்லாம் காட்டித் தந்தார்.

சரி, இங்கே நாங்கள் நன்றாக ஊன்றிவிட்டோம் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சனிக்கிழமை காலையில் இரும்புச் சட்டம் ஒன்றை அறுத்தால் அந்தச் சூட்டு வாசனையில் கணபதிக்கே போய்விடுகிறேன். கட்டிங் ஆயில் வாசனை, சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவல், மதியம் தூக்குப்போசியில் வரும் அரிசிம்பருப்பு சாதம். மகள் வந்து தோளைத் தட்டியதும்தான் மெல்போர்ன் ஞாபகம் வரும். அவளுக்கும் கண்ணாடி மாட்டிவிட்டுத்தான் பக்கத்தில் நிற்க விடுவேன்.

போன தைக்கு ஊருக்குப் போனபோது அண்ணனுக்கு ஒரு பேட்டரி கிரைண்டர் வாங்கிப் போனோம். உதிரி லித்தியம் பேட்டரியை விமானத்தின் அடியில் போகும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-அவர் வரைக்கும் தனி அனுமதி வேண்டாம். 18 வோல்ட்டை 5 ஆம்பியர்-அவரால் பெருக்கினால் 90. முனைகளில் டேப் ஒட்டி என் கைப்பையில் ஒன்று, என் வீட்டுக்காரர் பையில் ஒன்று. சார்ஜருக்கு இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், பிளக்கின் கால்தான் வேறு.

அண்ணனுக்குத் தாங்க முடியாத சந்தோசம். மறுநாள் பட்டறைக்குப் போய்ப் பார்த்தால் மிஷினில் வட்டை மறைக்கிற மூடி, அந்தக் கார்டு, இல்லை. "அது இடைஞ்சலு, வேல தெரிய மாட்டேங்குது" என்றார். கைலி, ரப்பர் செருப்பு, கண்ணில் ஒன்றும் இல்லை. போதாததற்கு இரும்பு அறுக்கும் வட்டைக் கழற்றிவிட்டு, மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடை மாட்டி ஒரு வேப்பங்கட்டையை ஒற்றைக் கையால் அறுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. 125 மில்லிமீட்டர் வட்டில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 12,200 சுற்று என்று அச்சிட்டிருக்கும். அந்த வேகத்தில் அதன் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் ஓடுகிறது. வட்டு உடைந்தால் துண்டு ஆளைப் பார்த்து வராதபடி தடுக்கத்தான் கார்டு. பல் பிளேடு மரத்தில் கடித்து நின்றதோ, மிஷின் பிடித்தவர் மேலேயே எகிறும். பக்கக் கைப்பிடியைக் கொடுத்து இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்வது அதற்குத்தான்.

சொன்னேன். கத்தினேன் என்றும் சொல்லலாம். "நாலு வருசம் வெளிநாடு போயிட்டு வந்து லேத்துக்காரங்களுக்கே பாடம் எடுக்கறயா?" என்றார் அண்ணன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அவருடைய வலது கண்ணில் ஒருமுறை இரும்புத் துகள் தைத்து, ஆஸ்பத்திரியில் எடுத்திருக்கிறார்கள். கைக்குட்டை முனையால் எடுத்துவிடலாம் என்று ஒரு ராத்திரி முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தவர் அவர்.

"கார்டு எங்கீங்ணா?" என்று கேட்டேன். அண்ணி வீட்டுக்குள் போய் எடுத்து வந்தார். அதில் கொசுவத்திச் சுருளை நிறுத்தி வைத்திருந்தார்கள், சாம்பல் அப்படியே இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. பேட்டரியை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வெயில் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள், சித்திரையில் அங்கே 40 டிகிரியைத் தாண்டும், சூடு ஆறிய பிறகு போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். வழியெல்லாம் அந்தக் கார்டு கண்ணிலேயே நின்றது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. இங்கே நானும் என் டிரில்லையும் கிரைண்டரையும் கழுவாமல் ஈரத் துணியும் படாமல் துடைத்து, பேட்டரியைக் கழற்றி வைத்துப் பொட்டு வைத்தேன். ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். லேத்துக்கு மாலை, கொட்டாப்புளிக்கும் உளிக்கும் சந்தனம், வாழை இலையில் பொரி, கடலை, சுண்டல். அதற்கு நடுவில் நாங்கள் கொடுத்த கிரைண்டர். கார்டு மாட்டியிருந்தது. ஒரு ஓரம் கொசுவத்திப் புகை பட்டுக் கறுத்த கறை போகவில்லை. அந்தக் கறை மேலேயே சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார் அப்பா.

"பேட்டரியக் கழட்டிட்டீங்களாப்பா?" என்றேன்.

அண்ணன் போனைத் திருப்பிக் காட்டினார். பொரிக்குப் பக்கத்தில் தனி இலையில் பேட்டரி. அதற்கும் ஒரு பொட்டு.

"முனையில படாமத்தான் வெச்சிருக்குது, பாத்துக்க கண்ணு" என்றார் அப்பா.