மழுங்கிய யானை

ஜூன் 8, ஞாயிறு

பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 1918-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் கிடைத்தது. பின்பக்கத் தாமரைக்குக் கீழே சின்னப் புள்ளி, அதனால் பம்பாயில் அடித்தது. மன்னர் அங்கியில் உள்ள யானை மட்டும் மழுங்கலாக இருந்தது. “தேய்ஞ்ச காசு சார், வி.எஃப்.தான்” என்றார் கடைக்காரர். வி.எஃப். என்றால் ‘வெரி ஃபைன்’, ஓரளவு புழங்கித் தேய்ந்த காசுக்கான தரம். நானும் சரி என்று அந்த விலையே கொடுத்தேன். இந்த யானைக்கு ஒரு கதை உண்டு. 1911-இல் தும்பிக்கை குட்டையாக இருந்து பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு வந்தது, 1912-இல் திருத்தினார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

இரவு மேஜை விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்துப் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. பளபளப்பு சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுற்றி வந்து, மழுங்கிய யானைமேலும் அறுபடாமல் ஓடியது. தேய்ந்திருந்தால் அந்த மேட்டில் ஒளி நின்று, சாம்பல் திட்டு தெரிந்திருக்கும். தாடி முடி, காது மடல், கிரீடத்தின் மணிகள் எல்லாம் கூர்மையாகவே இருக்கின்றன. லென்ஸில் பார்த்தால் யானைமேல் நுண்ணிய கீறல்கள். அடிப்பதற்கு முன் வெள்ளி வில்லையில் இருந்தவை. அழுத்தம் முழுதாக விழுந்திருந்தால் அவை நசுங்கி மறைந்திருக்கும். அச்சின் அந்தப் பள்ளத்துக்குள் வெள்ளி போய்ச் சேரவே இல்லை. இது கைபடாத காசு, அடிதான் (அச்சு விழுந்த அழுத்தம்) குறை.

அப்படியானால் கவரில் என்ன எழுதுவது? காசின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்லும் ஷெல்டன் அளவுகோலில் 60-உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு, சுருக்கமாக யூ.என்.சி. ஆனால் அந்த ஒற்றை எண்ணை மட்டும் எழுதினால் யானை மழுங்கியிருப்பது யாருக்கும் தெரியாது. ‘யூ.என்.சி., அடி பலவீனம்’ என்று இரண்டையும் எழுதினேன். இனி எல்லாக் காசுக்கும் இப்படித்தான்.

ஜூன் 14, சனி

எழும்பூர் அருங்காட்சியகம் போய் வந்தேன். வழியெல்லாம் ராஜராஜன் செப்புக்காசுதான் நினைவில். சுத்தியலால் கையால் அடித்தவை. அச்சு ஒரு பக்கம் நழுவி ‘ஸ்ரீ ராஜராஜ’ எழுத்தில் பாதி விளிம்புக்கு வெளியே போயிருக்கும். அதைத் தேய்மானம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழங்காலக் காசுகளுக்கு, காசுகளைத் தரம் பார்க்கும் என்.ஜி.சி. நிறுவனம் அடிக்கு 5, மேற்பரப்புக்கு 5 என்று தனித்தனியாக மதிப்பெண் தருகிறது. ரூபாய்க்கும் இந்த வழக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை.

ஜூன் 15, ஞாயிறு

மயிலாப்பூர் அத்தை தன் டப்பாவைத் திறந்து காட்டினார். அதே வகை ரூபாய், வருஷா வருஷம் பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்தது. கண்ணைப் பறிக்கிறது, ஆனால் சாய்த்தால் ஒளி நகரவே இல்லை. “இனிமே தேய்க்காதீங்க அத்தை” என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

கடைக்காரரிடம் மறைக்க மனசு வரவில்லை. 1918-ஐ எடுத்துப் போய் விளக்கில் சாய்த்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம் வி.எஃப். காசுகள் வைத்திருந்த தட்டை அப்படியே மேஜைமேல் கவிழ்த்து, “உட்காருங்க சார், எல்லாத்தையும் பாத்துடலாம்” என்றார்.